சாட்டைக்கு விதி எழுதுவது எப்படி? மேசைக் கற்பனை ஆட்டத்துக்கு ஒரு தொடக்க விளக்கம்

மேசையைச் சுற்றியிருந்து கற்பனை ஆட்டம் ஆடும் குழுவில் எப்படியும் ஒருவர் சாட்டை கேட்பார். அவருக்கு வேண்டியது கூடுதல் சேதம் அல்ல. எட்டாத தூரத்தில் நிற்பவன் கையிலுள்ள விளக்கைப் பறிக்க வேண்டும், ஓடுகிறவன் காலைச் சுற்ற வேண்டும், பாய்மரத்தில் கொளுவி அடுத்த வள்ளத்துக்குத் தாவ வேண்டும். விதிப்புத்தகத்தைத் திறந்தாலோ, அங்கே சாட்டை என்பது பலம் குறைந்த, நீளம் கூடிய ஒரு வாளாகத்தான் கிடக்கும். கேட்டவர் இரண்டு சண்டையோடு அலுத்துப்போய் வாளுக்கு மாறிவிடுவார். அப்படி ஆகாமல் இருக்க, சாட்டையை ஆயுதமாக எண்ணாமல் நீண்ட கையாக எண்ணி விதி எழுத வேண்டும். பிடிப்பது, இழுப்பது, தட்டுவது, தடுப்பது எல்லாம் கையின் வேலைகள். அவற்றை இரண்டு கட்டம் (வரைபடத்துச் சதுரம்) தள்ளி நின்று செய்ய முடிவதே சாட்டையின் பெறுமதி.

ஆட்டமே புதிது என்பவர்களுக்காகச் சுருக்கமாக: ஒருவர் கதையை நடத்துவார், உலகமும் எதிரிகளும் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். சண்டையில் எல்லோரும் ஆளுக்கொரு முறை ஆடி முடித்தால் அது ஒரு சுற்று. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் இந்த வகை ஆட்டத்துக்கு வழி திறந்தது. தாக்கும்போது 20 முக டைஸை உருட்டி, பாத்திரத்தின் கூட்டெண்ணைச் சேர்த்து, எதிரியின் கவச எண்ணை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எட்டினால் பட்டது. பிறகு சேதத்துக்கு வேறொரு டைஸ்: டி4 என்றால் 4 முகம், டி8 என்றால் 8 முகம். 20 முக டைஸ் கையில் இல்லையென்றால் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளை ஒரு பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த துண்டை ஒவ்வொரு தடவையும் திரும்ப உள்ளே போட வேண்டும். மறந்தால் வாய்ப்புக் கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும். வரைபடத்துக்குக் கணிதப் பாடத்துச் சதுரக் கொப்பி போதும். இரண்டுக்கு இரண்டு சதுரங்களைச் சேர்த்து ஒரு கட்டமாக்கினால் புளியங்கொட்டை காயாக உட்காரும்.

தமிழில் விதி எழுதுபவருக்கு இன்னொரு சிக்கல் சொல்லிலேயே காத்திருக்கிறது. ‘10 அடிக்குள் நிற்பவனுக்கு ஒரு அடி, பட்டால் 5 அடி இழுக்கலாம்’ என்று எழுதிப் பாருங்கள். ஐந்து அடி என்பது தூரமா, ஐந்து தடவை அடிப்பதா? சாட்டை விதியில் இந்தக் குழப்பம் வரிக்கு வரி வரும். தூரத்தை எப்போதும் கட்டத்தால் சொல்லுங்கள். ஒரு கட்டம் என்பது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். ‘அடி’ என்ற சொல்லைத் தாக்குதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்த சாட்டை

விதிக்கு முன் பொருளைப் பார்க்க வேண்டும். தோல் சாட்டையில் கைப்பிடி, பின்னிய உடல், அதன் முனையில் ஒற்றைத் தோல்வார், கடைசியில் நூல் குஞ்சம் என நாலு பகுதி உண்டு. உடல் கைப்பிடியிலிருந்து நுனி வரை படிப்படியாக மெலியும். வீசும்போது உருவாகும் வளையம் நுனியை நோக்கி ஓடும். ஓட ஓட அதைத் தாங்கும் பாரம் குறைவதால் வேகம் கூடும். கடைசியில் ஒலியின் வேகத்தை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றரைத் தாண்டும். ‘டப்’ என்று வெடிக்கும் சத்தம் அதுதான். சாட்டை எதன்மேலும் பட்டு எழும் சத்தம் அல்ல.

இதிலிருந்து விதிக்கு மூன்று விஷயம் கிடைக்கிறது. வளையம் ஓட இடம் வேண்டும், ஆகவே ஒடுங்கிய இடத்தில் சாட்டை தடுமாறும். வேகம் நுனியில் இருப்பதால் மூக்கோடு மூக்கு நிற்பவனுக்கு அடி உறைக்காது. சத்தத்துக்கு எதிரி மேல் படவே தேவையில்லை. ஒரு மான்கூட்டத்தைக் கலைக்கவோ, குதிரையை மிரட்டவோ, காவலாளியைத் திரும்பிப் பார்க்க வைக்கவோ வெறும் வெடிப்பே போதும். திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டை போன்ற ஓரிடத்தைக் களமாக வரைந்தால் மூன்றுமே ஒரே வரைபடத்தில் வந்துவிடும்: ஒடுங்கிய வாசல், திறந்த வெளி, புள்ளிமான்கள்.

சுருள்வாளையும் சாட்டை விதிக்குள் திணிக்கச் சிலர் விரும்புவார்கள். வேண்டாம். அது வெட்டும் உலோகத் தகடு; வீசுகிறவனையே வெட்டக்கூடியது; எதையும் சுற்றிப் பிடித்து இழுக்க உதவாது. அதற்குத் தனி விதி தேவை.

புத்தகங்கள் செய்தது

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸின் 2003ஆம் ஆண்டு 3.5 பதிப்பில் சாட்டை மூன்று கட்டம் எட்டியது. ஆனால் டி3 அளவு, உயிர் போக்காத சேதம் மட்டும். கவசம் அணிந்தவனுக்கு அதுவும் இல்லை. தோல் சாட்டை இரும்புச் சட்டையைக் கிழிக்காது என்பது நியாயம்தான். மேசையில் நடப்பது வேறு: எதிரியில் பாதிப்பேர் கவசம் போட்டு வருவார்கள், சாட்டைக்காரர் பாதிச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 2014இன் ஐந்தாம் பதிப்பு அதை விட்டுவிட்டு டி4 சேதம், இரண்டு கட்ட எட்டு (எட்டும் தூரம்) என்று எளிமையாக்கியது. அதோடு சாட்டைக்கே உரிய வித்தையும் போய்விட்டது. 2024 திருத்தம் ஒரு சிறிய, அருமையான விஷயத்தைச் சேர்த்தது: சாட்டையில் தேர்ந்தவர் அடித்துச் சேதம் ஏற்படுத்தினால் எதிரியின் நடை (ஒரு முறையில் நகரக்கூடிய தூரம்) இரண்டு கட்டம் குறையும். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு (2019) சாட்டையாலேயே காலை வாரவும் ஆயுதத்தைத் தட்டவும் அனுமதிக்கிறது. புதிதாக எழுதுபவர் 2024இன் நடைக்குறைப்பை அடித்தளமாக எடுத்து, அதன்மேல் கட்டுவது நல்லது.

எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம்?

புதிய வல்லமைக்கு விலை போட, சாட்டையை எடுத்ததால் என்ன இழந்தோம் என்று தெரிய வேண்டும். கூட்டெண் +5, எதிரியின் கவச எண் 15 என்று வைப்போம். டைஸில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20இல் 11 முகம், 55 சதவீதம். நீள்வாளின் டி8+3 சராசரி 7.5, சாட்டையின் டி4+3 சராசரி 5.5. 55 சதவீதத்தால் பெருக்கினால் வாளுக்குச் சுற்றொன்றுக்கு 4.1, சாட்டைக்கு 3.0. நாலு சுற்றுச் சண்டையில் இழப்பு ஏறத்தாழ 4 புள்ளி மட்டும். ‘சாட்டை பாவம்’ என்று மனமிரங்கி ஒரேயடியாக ஆயுதம் பறித்தல், கட்டிப்போடுதல், வீழ்த்துதல் மூன்றையும் இலவசமாகக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமல் கொடுக்கிறார்கள். 4 புள்ளிக்கு ஈடாக நடைக்குறைப்பு போதும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைக்க வேண்டும்.

மறுபக்கப் பிழையும் உண்டு. ‘முதலில் அடி படவேண்டும்; பிறகு எதிரி தாங்கு உருட்டல் (விளைவைத் தவிர்க்க உருட்டுவது) போடுவான்; அதில் தோற்றால் விளைவு.’ கேட்க ஒழுங்காக இருக்கும். 55 சதவீதம் படுகிறது, எதிரி 50 சதவீதம் தோற்கிறான் என்றால் இரண்டும் சேர்ந்து நடப்பது 27.5 சதவீதம். நாலு தடவை முயன்றால் ஒரு தடவை. பல சண்டைகள் மூன்று நாலு சுற்றில் முடிந்துவிடுவதால் அந்த வல்லமை மேசையில் தலைகாட்டாமலே போகும். சின்ன விளைவுக்கு ஒரே உருட்டல் போதும். எதிரியின் முறையையே கெடுக்கும் பெரிய விளைவுக்கு மட்டும் இரண்டாவது உருட்டலை வையுங்கள்.

மூன்று வல்லமை

பாத்திரம் வளரும் படிகளில் இழுப்பு முதல் படியிலேயே கிடைக்கலாம். அடி பட்டதும் சேதத்தை விட்டுக்கொடுத்து, எதிரியை ஒரு கட்டம் தன் பக்கம் இழுப்பது. இரண்டாம் உருட்டல் இல்லை. 5.5 புள்ளி சேதத்தைக் கைவிடுவதே விலை. தன் அளவினரையும் ஒரு படி பெரியவரையும் மட்டும் இழுக்கலாம். பெரியவனைச் சுற்றியபின் அவனை இழுக்காமல் தானே அவன் பக்கம் ஒரு கட்டம் போகவும் அனுமதியுங்கள். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களின் குதிக்காலைப் பார்த்தால் இந்த விதிக்குக் காரணம் தெரியும்: கயிற்றின் மறுமுனை கனத்தால் கால் மணலில் புதைய வேண்டும், இல்லாவிட்டால் ஆளே இழுபட்டுப் போவான். இழுபட்டுப் போகிறவன் தாண்டும் வழியில் நிற்பவர்களுக்கு இலவச அடி (எட்டை விட்டுப் போகிறவனுக்கு விழும் அடி) கிடையாது என்றும் எழுதிவையுங்கள். ஐந்தாம் பதிப்பிலும் அப்படித்தான், ஆனால் எழுதாவிட்டால் முதல் நாளே வாக்குவாதம் வரும்.

எந்த நேரத்தில் முடிவெடுப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இப்படி நடக்கும்:

“அண்ணை, பட்டதுதானே? நான் அவனை இழுக்கிறன்.”

“நீ சேத டைஸை உருட்டிப்போட்டாய் தம்பி. 1 விழுந்தவுடனதான் இழுக்கிறன் எண்டு சொல்லுறாய்.”

சேதம் குறைவாக விழுந்தால் இழுப்பு, கூட விழுந்தால் சேதம் என்று ஆகிவிட்டால் விட்டுக்கொடுத்தல் என்பதே பொய்யாகிவிடும். ‘சேத டைஸ் உருட்டுவதற்கு முன்’ என்ற ஒரு வரி இதைத் தீர்க்கும்.

கட்டு மூன்றாம் படிக்கு உரியது, இதில்தான் அதிகம் பிழைக்கும். அடி படும், சேதம் உண்டு. எதிரி உடல்வலிமையால் தாங்கு உருட்டல் போடுவான்; இலக்கு எண் 8 + தேர்ச்சி 2 + கைத்திறன் 3 = 13. தோற்றால் சாட்டைக்காரரிடமிருந்து இரண்டு கட்டத்துக்கு மேல் விலக முடியாது. தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் அவன் திரும்பவும் உருட்டலாம், அதற்கு வினை (ஒரு முறையில் செய்யும் முக்கியச் செயல்) செலவழிக்க வேண்டியதில்லை. 50 சதவீத வாய்ப்பில் சராசரியாகத் தன் முறைகளில் இரண்டு கட்டுண்டு கிடப்பான். அது போதுமான தண்டனை. வினை செலவழித்துத்தான் அவிழ்க்க வேண்டும் என்று எழுதினால், அவிழ்த்த கையோடு மறுபடி கட்டுவார்கள், எதிரி சண்டை முடியும்வரை ஒன்றும் செய்யமாட்டான். அவனை நடத்துபவருக்கும் அலுப்பு, மற்ற ஆட்டக்காரருக்கும் அலுப்பு.

கட்டுக்கு விலை, கயிற்றுக்கு இரண்டு முனை என்பதே. கட்டியிருக்கும்வரை அந்தச் சாட்டையால் வேறு யாரையும் அடிக்க முடியாது. சாட்டைக்காரர் விழுந்தால் கட்டு அவிழும். எதிரி சாட்டையை வெட்டலாம்: ஐந்தாம் பதிப்பில் வலைக்கு உள்ள எண்களையே எடுங்கள், கவச எண் 10, வெட்டுச் சேதம் 5. வேண்டியபோது கைவிட்டுவிடச் சாட்டைக்காரருக்குச் செலவு எதுவும் இல்லை. அதோடு ஒரு சண்டைக்கு இரண்டு கட்டு என்று எல்லை வையுங்கள். மேசையில் இரண்டு புளியங்கொட்டை வைத்து, பயன்படுத்தும்போது ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் யாரும் எண்ணிக்கையை மறக்கமாட்டார்கள்.

ஐந்தாம் படியில் பறிப்பு. எதிரியின் ஆயுதத்தைத் தட்டிவிடும் விதிகள் பலவும் ஒரு சின்ன ஓட்டையால் வீணாகின்றன: ஆயுதம் காலடியில் விழுகிறது, ஐந்தாம் பதிப்பில் கீழே கிடப்பதைத் தன் முறையில் செலவில்லாமல் ஒன்றை எடுக்கலாம், எதிரி குனிந்து எடுத்து அடிப்பான். நடந்தது ஒன்றுமில்லை. சாட்டையின் பறிப்பு பொருளைச் சாட்டைக்காரரின் கட்டத்துக்கே கொண்டுவர வேண்டும், அப்போதுதான் அது பறிப்பு. அவ்வளவு பலம் உள்ளதால் ஒரு சண்டைக்கு ஒரு தடவை, இரு கையாலும் பிடித்த ஆயுதம் என்றால் டைஸை இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். நடத்துபவருக்கு ஒரு சொல்: எல்லா எதிரியும் ஓநாயும் பாம்புமாக வந்தால் இந்த வல்லமை செத்தது. கையில் விளக்கு, திறப்பு, சங்கு, ஓலைச்சுவடி என்று பறிக்கத் தகுந்த எதையாவது கொடுத்து அனுப்புங்கள்.

காலை வாரி வீழ்த்துவதை இந்தப் பட்டியலில் நாங்கள் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஐந்தாம் பதிப்பில் விழுந்து கிடப்பவனை ஒரு கட்டத்துக்குள் நின்று அடிப்பவருக்குச் சாதகம் (இரண்டு தடவை உருட்டிக் கூடியதை எடுப்பது), அதற்கு அப்பால் நின்று அடிப்பவருக்குப் பாதகம் (குறைந்ததை எடுப்பது). இரண்டு கட்டம் தள்ளி நின்று வீழ்த்திய சாட்டைக்காரர் அடுத்த அடியில் தன் வேலையாலேயே பாதகம் வாங்குவார். வாள்காரத் தோழர் பக்கத்தில் நிற்கும் குழுவுக்கு அது நல்ல கூட்டு வேலை. தனியாகச் சாட்டை வீசும் தொடக்கக்காரருக்கு அது ஏமாற்றம்.

எட்டு நீண்டால் எல்லாமே நன்மை என்பதும் சரியல்ல. எதிரி எட்டை விட்டு வெளியேறும்போதுதான் இலவச அடி கிடைக்கும். வாள்காரரை விட்டு ஒரு கட்டம் பின்வாங்கினால் அடி விழும். சாட்டைக்காரரிடமிருந்து ஒரு கட்டம் பின்வாங்குபவன் இன்னும் எட்டுக்குள்தான் நிற்கிறான், அடி இல்லை. புதியவர்கள் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள். கொப்பியில் காய் வைத்து ஒருதரம் நகர்த்திக் காட்டிவிடுங்கள்.

மலை விளிம்பு

இழுப்பு என்றதும் நடத்துபவர்களுக்கு வரும் பயம், தலைவனை மலையுச்சியிலிருந்து ஒரே வீச்சில் தள்ளிவிடுவார்களே என்பது. சாட்டை தன் பக்கம் மட்டும் இழுப்பதால் பெரும்பாலும் அது நடக்காது. தள்ள விரும்பினால் இழுப்பவர் வெறும் காற்றில் நிற்க வேண்டும். நடக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: பிளவு. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைப் பார்த்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பிளவு ஒரு கட்ட அகலம், இந்தப் பக்க விளிம்பில் சாட்டைக்காரி, அந்தப் பக்க விளிம்பில் எதிரி. இடையில் ஒரே கட்டம் இருப்பதால் அவன் எட்டுக்குள் நிற்கிறான். ஒரு கட்டம் இழுத்தால் நேரே பள்ளம். ஐந்தாம் பதிப்பில் விழும் ஒவ்வொரு இரண்டு கட்டத்துக்கும் டி6 சேதம். 20 கட்டப் பள்ளம் என்றால் 10டி6, சராசரி 35. முதல் படி வல்லமைக்கு அது மிக அதிகம்.

தடைசெய்யாதீர்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்த ஆட்டக்காரரின் மூளைக்குப் பலன் வேண்டும். விளிம்பு, நெருப்பு, கொதிநீர் போன்ற ஆபத்துக்குள் இழுக்கும்போது மட்டும் எதிரிக்கு ஒரு தாங்கு உருட்டல் கொடுங்கள். வென்றால் விளிம்பிலேயே குப்புற விழுந்து பிடித்துக்கொள்வான். 27.5 சதவீதக் கணக்கு இங்கேதான் பொருத்தமாக உட்காருகிறது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை மாதிரியாக வைத்து வரையும் களத்திலும் இதே விதி.

பாய்மரத்தில் கொளுவித் தாவுவதற்குத் தாக்குதல் உருட்டல் வேண்டாம். அசையாத, கைப்பருமனுக்கு மிகாத ஒன்றில் மட்டும். மூன்று கட்டம் வரை. கைத்திறன் உருட்டல் 12. அந்த முறையின் நடை முழுவதும் இதிலேயே செலவாகும். உண்மைச் சாட்டை அப்படி ஆளைத் தாங்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆட்டக்காரர் சாட்டை எடுத்ததே இதற்காகத்தான்.

டைஸில் 1 விழுந்தால் சாட்டை சொந்தக் காலில் சுற்றிக்கொள்ளும் என்ற விதி எல்லா மேசையிலும் யாராவது முன்மொழிவது. கணக்கைப் பாருங்கள். ஒரு முறையில் ஒரு தடவை அடிப்பவருக்கு அது 5 சதவீதம். தேர்ந்து நாலு தடவை அடிக்கும் வீரருக்கு ஏறத்தாழ 18.5 சதவீதம். கற்றுக்குட்டியைவிட ஆசானுக்கு அதிகம் கால் தடக்குகிறது. வேண்டுமென்றால், வல்லமையை முயன்று கவச எண்ணுக்கு 5 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மட்டும் சாட்டை பக்கத்தில் உள்ள எதிலாவது சிக்கும், அவிழ்க்க அரை நடை செலவு என்று வையுங்கள். கைத்திறன் கூடக் கூட அது குறையும்.

திருக்கைவால்

மாயப் பொருள் வேண்டுமென்றால் வெளியே தேடத் தேவையில்லை. கடற்கரை ஊர்களில் திருக்கைவால் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்களுக்கு அடி ஞாபகம் வரும். காய்ந்த வால் கரடுமுரடானது. உயிருள்ள மீனில் வாலின் மேற்பக்கம் இருபுறமும் பல் வைத்த நச்சு முள் இருக்கும். இந்த இரண்டையும் விதியாக்கலாம்: டி4 சேதம் அப்படியே. வழமையான நடைக்குறைப்புக்குப் பதில், விடியலுக்கு விடியல் நிரம்பும் மூன்று முள். ஒரு முள்ளைச் செலவழித்தால் பட்டவனுக்கு 1டி6 நஞ்சுச் சேதம், அடுத்த சுற்று முடியும்வரை எதிர்வினை (இலவச அடி போன்ற பதில் செயல்) செய்ய முடியாது. கட்டு வல்லமை இதில் வேலை செய்யாது, ஏனென்றால் காய்ந்த வால் தோல்போல் வளைந்து இறுகாது. பொருளின் இயல்பிலிருந்து வரும் இந்த மாதிரி ஒரு ‘முடியாது’ மாயப் பொருளை நம்பும்படி ஆக்கும்.

சோதனை

எழுதியதை உடனே கதைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒரே எதிரியோடு மூன்று தடவை நாலு சுற்றுச் சண்டை ஆடுங்கள், பிறகு அதே பாத்திரத்துக்கு வாள் கொடுத்து மூன்று தடவை. கொப்பியில் மூன்று நிரல்: மொத்தச் சேதம், எதிரி நினைத்ததைச் செய்ய முடியாமல் போன முறைகள், சாட்டைக்காரரின் முறைக்கு எடுத்த நேரம். எதிரியின் முறைகளில் பாதிக்கு மேல் கெட்டால் பலம் அதிகம். மூன்று சண்டையிலும் ஒன்றுகூடக் கெடவில்லையென்றால் உருட்டல்கள் அதிகம். ஒரு முறை இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் எண்கள் சரியாக இருந்தாலும் விதி நீளம். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். எட்டையும் இலக்கு எண்ணையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

சோதனை முடிந்ததும் ஒவ்வொரு வல்லமையையும் தனித்தனி அட்டையில் எழுதி ஆட்டக்காரர் முன் வையுங்கள். இழுப்புக்கான அட்டை இப்படி இருக்கலாம்:

இழுப்பு. எப்போது: உன் முறையில் சாட்டையடி பட்டதும், சேத டைஸ் உருட்டுவதற்கு முன். யாரை: 2 கட்டத்துக்குள் நிற்கும், உன் அளவான அல்லது ஒரு படி பெரிய ஒருவரை. என்ன: சேதம் இல்லை, அவர் 1 கட்டம் உன் பக்கம் வருவார், அல்லது நீ 1 கட்டம் அவர் பக்கம் போவாய். ஆபத்துக்குள் என்றால்: அவருக்கு ஒரு தாங்கு உருட்டல், இலக்கு 13, வென்றால் விளிம்பில் விழுந்து கிடப்பார். முடிவு: உடனே, சாட்டை உன் கைக்குத் திரும்பும்.